கத்தியில் இருக்கும் பெயர் யாருடையது?



எமது பழைய மாணவர் ஒருவரின் வாப்பா அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். "சேர், மகன் வெளிநாட்டில இருந்து வாரான். நல்ல மடக்குக் கத்தி ஒண்டு கொண்டு வரச் சொல்லணும். எந்தக் கொம்பனி நல்லம்?" ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் ஒரு வரிப் பதில் கிடைக்காது என்பது ஊருக்கே தெரியும். பதிவு நீளமானது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் பேசப்போவது குர்பானிக் கத்தியைப் பற்றியோ இறைச்சிக் கடைக் கத்தியைப் பற்றியோ அல்ல. சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தி. எமது மூத்தவர்கள் பேனாக்கத்தி என்று சொல்வது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு கத்தி என்ற சொல்லையே எம்மவர்கள் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கும்படி அப்போது அறிவித்தார்கள். அன்றாட வேலைக்கு உள்ளவை அதில் அடங்காது என்றும் சொன்னார்கள். அப்படியிருந்தும் தேங்காய்க் கத்தியையே ஒளித்து வைத்த வீடுகள் எமக்குத் தெரியும். ஒரு கருவியின் வரலாறு தெரியாமல் போனால் மிஞ்சுவது அதைப் பற்றிய பயம் மட்டும்தான். இதை எழுத நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பேனாக்கத்தி என்ற பெயரையே பாருங்கள். 'பேனா' போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல். அவர்களுடைய மொழியில் அதற்கு இறகு என்று பொருள். பறவை இறகின் முனையைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தில், எழுதத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கத்தி தேவைப்பட்டது. அரபு எழுத்தணிக் கலைஞர்களுக்கும் இதே தேவை இருந்தது. நாணல் கலத்தின் முனையைச் சரியான சாய்வில் வெட்டாவிட்டால் 'அலிஃப்' கூட நேராக விழாது. உஸ்மானியர் காலத்துத் துருக்கியில் கலம் சீவும் கத்திகளைச் செய்த உஸ்தாதுகள் அலகில் தமது பெயர் முத்திரையை அடித்தார்கள். அவை மடக்குக் கத்திகள் அல்ல, நீண்ட பிடி வைத்தவை. ஆனால் விசயம் ஒன்றுதான். கத்தி பிழைத்தால் யாரைக் கேட்பது என்பது அலகிலேயே எழுதியிருந்தது.

எந்த ஊர் அலகு நல்லது என்று கேட்பதும் புதிய பழக்கம் அல்ல. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 833க்கும் 842க்கும் இடையில், அப்பாஸிய கலீபா முஃதஸிமுக்காக மெய்யியலாளர் அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த வாள் யெமனுடையது, எது ஹிந்துடையது, எது சரந்தீபுடையது, அலகின் மேற்பரப்பைப் பார்த்து அவற்றை எப்படிப் பிரித்தறிவது என்று விபரிக்கும் நூல் அது. ஆம், சரந்தீப் என்றால் எமது இலங்கைதான். இங்கிருந்து போன உருக்கில் வேறு நாடுகளிலும் வாள் அடித்தார்கள் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பலாங்கொடைக்குக் கிட்டிய சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய பழைய உலைகளை ஆய்வாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்து 1996இல் உலகுக்கு எழுதினார். இது தனிப் பதிவுக்கு உரிய விசயம், இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு நாம் எடுத்துக்கொள்வது ஒன்று மட்டும்தான். உருக்கு ஓர் ஊர், அடித்த கை இன்னோர் ஊர், சந்தையில் விற்கும் பெயர் மூன்றாவது ஊர் என்ற குழப்பத்துக்கு வயது ஆயிரத்துக்கும் மேல்.

இனி மடக்குக் கத்திக்கு வருவோம். அந்தப் பேச்சை ஷெபீல்டில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தின் வட பகுதியில், ஐந்து ஆறுகள் இறங்கும் மலைச்சரிவில் உள்ள ஊர் ஷெபீல்ட். ஆற்று நீரால் சாணைக்கல்லைச் சுழற்றலாம். கல்லும் பக்கத்திலேயே கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டில் சோசர் எழுதிய கதையொன்றில் ஒரு மாவாலைக்காரன் ஷெபீல்ட் கத்தியைச் செருகிக்கொண்டு வருகிறான். அந்தக் காலத்திலேயே ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், வாசகனுக்கு விளங்கியிருக்கிறது. 1624இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் அங்கே கத்தி செய்வோர் சங்கம் அமைக்கப்பட்டது. யார் தொழில் பழகலாம், எத்தனை வருடம் பழக வேண்டும், எந்த அடையாளத்தை யார் அடிக்கலாம் என்பதெல்லாம் அந்தச் சங்கத்தின் பொறுப்பு. ஓர் ஆளுக்கு ஓர் அடையாளம். எழுத வாசிக்கத் தெரியாத கொள்வனவாளரும் படத்தைப் பார்த்து ஆளை அறிந்துகொள்ளலாம். இன்று நாம் 'பிராண்ட்' என்று சொல்லும் சாமான் அங்கே விளம்பரமாகத் தொடங்கவில்லை, பொறுப்புச் சொல்லும் கையெழுத்தாகத்தான் தொடங்கியது.

1740களில் அதே ஊரில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற மணிக்கூடு செய்பவர், மணிக்கூட்டு ஸ்பிரிங் அடிக்கடி முறிகிறதே என்ற கவலையில், உருக்கை மண் மூசைக்குள் முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதனால் உருக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக வந்தது. ஆரம்பத்தில் உள்ளூர்க் கத்திக்காரர்கள் அதைத் தொடவில்லை, 'மிகவும் கடினம், அடிக்க முடியாது' என்றார்கள். பிரான்ஸ்காரர்கள் அதை வாங்கிக் கத்தி செய்து நல்ல பெயர் எடுத்த பிறகுதான் ஷெபீல்ட்காரர்களுக்குக் கண் திறந்தது. ஊர்ச் சரக்கின் அருமை வெளியூரான் வாங்கினால்தான் தெரியும் என்பது எமக்குப் புதிதா என்ன!

அந்த ஊரில் தலைசிறந்த பெயர் ஜோசப் ரொஜர்ஸ் அன்ட் சன்ஸ். நட்சத்திரமும் மோல்டா சிலுவையும் சேர்ந்த அடையாளம் 1764இல் அவர்களுடையதாகப் பதிவானது. 1822இல் ஜோர்ஜ் மன்னருக்குக் கத்தி வழங்குவோராக நியமனம் பெற்றார்கள். ஆண்டுக் கணக்குக்கு ஏற்ப 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து காட்சிக்கு வைத்ததும் இவர்கள்தான். வேலைக்கு உதவாத வீம்பு அது. ஆனால் அத்தனை அலகையும் ஒரே உடம்பில் அடக்கத் தெரிந்த கைகளின் சாதாரண இரண்டலகுப் பேனாக்கத்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரித்தானியப் பேரரசின் துறைமுகங்கள் எங்கும் அந்தக் கத்தி போனது. ஷெபீல்ட் வரலாற்றை எழுதியவர்கள் எமது நாட்டைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறார்கள். இலங்கையில் 'ரொஜர்ஸ்' என்ற பெயர் சிங்கள மொழிக்குள் நுழைந்து, அதிசிறந்தது என்பதைக் குறிக்கும் அடைமொழியாகவே புழங்கியதாம். உங்களுக்குத் தெரிந்த வயதான சிங்கள நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கேள்விப்பட்டிருந்தால் கீழே எழுதுங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் எமது தீவின் பெயர் பக்தாதில் நல்ல உருக்குக்கு அடையாளம். பின்னர் ஓர் ஆங்கிலக் கத்திக்காரரின் பெயர் எமது தீவில் நல்லதற்கெல்லாம் அடையாளம். காலம் செய்யும் வேலை இது.

பெயர் பெரிதானதும் திருட்டும் வந்தது. 'ரொஜர்ஸ்' என்று அடித்தால் விலை போகும் என்று தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1840களில் ரொஜர்ஸ் கொம்பனி தொடுத்த வழக்கொன்று ஆங்கிலச் சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. கிரீடமும் அவர்களது பெயரும் அடித்த போலிப் பேனாக்கத்திகள் பற்றிய வழக்கு. பிரதிவாதி தூர தேசத்தவர் அல்ல, அதே ஷெபீல்டைச் சேர்ந்த கத்திக்காரர். பிறகு ஜேர்மனியின் சோலிங்கன் நகரில் இருந்து 'ஷெபீல்ட்' என்று அடித்த மலிவுக் கத்திகள் வரத் தொடங்கின. ஷெபீல்ட்காரர்களின் கூச்சல் பாராளுமன்றம் வரை போய், 1887இல் வணிக அடையாளச் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சாமானுக்கு ஆங்கிலேயப் பெயரைப் போர்த்தி விற்க முடியாது, எந்த நாடு என்று சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். 'மேட் இன் ஜேர்மனி' என்ற அடையாளம் பரவியது அந்தச் சட்டத்தால்தான். வெட்கப்படுத்த வைத்த முத்திரையை ஜேர்மனியர்கள் சில பத்தாண்டுகளுக்குள் பெருமையாக்கிக் கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. 1938இல் சோலிங்கன் என்ற பெயரையே சட்டம் போட்டுப் பூட்டினார்கள். முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த நகர எல்லைக்குள் நடந்தால்தான் அந்தப் பெயரை அடிக்கலாம். 1994இல் அதைப் புதிய விதிகளாக மீண்டும் உறுதிப்படுத்தினார்கள். அடுத்தவன் பெயரைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஊர், தன் பெயரைக் காப்பதில் எல்லோருக்கும் முந்தியது! வரலாற்றில் எமக்குப் பிடித்த திருப்பங்களில் இதுவும் ஒன்று.

நல்ல பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு கத்தியை ஓர் ஆள் செய்வதில்லை. கொல்லர் அலகை அடிப்பார், சாணைக்காரர் அதைத் தேய்ப்பார், மூன்றாமவர் அலகையும் வில்லையும் பிடியையும் பொருத்தி முடிப்பார். இவர்களில் சாணைக்காரரின் நிலைதான் பாவம். கல்லுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, கல் தூசியையும் உருக்குத் தூசியையும் நாள் முழுக்கச் சுவாசிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி குறைவு. உலர்ந்த கல்லில் தேய்ப்பதுதான் ஆபத்து. முள்கரண்டிகளை உலர்ந்த கல்லில் தேய்த்தவர்கள் 30 வயதைச் சுற்றியே இறந்து போனதை அக்கால ஷெபீல்ட் மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சாணைக்காரர் இளைப்பு என்று அந்த நோய்க்குத் தனிப் பெயரே இருந்தது. பேனாக்கத்தி தேய்த்தவர்கள் கொஞ்சம் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஷெபீல்டில் பாடசாலை நடத்திய ஜே. எச். ஏப்ரஹாம் என்ற ஆசிரியர் 1820களின் தொடக்கத்தில் இந்தத் தூசியைப் பிடிக்கக் காந்தக் கருவி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். உருக்குத் தூள் காந்தத்தில் ஒட்டும். கல் தூள் ஒட்டாதே. நெஞ்சை அரித்தது அந்தக் கல் தூள்தான். ஆனாலும் தன் ஊர்ப் பிள்ளைகளின் வாப்பாமார் இருமி இருமிச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒரு பாடசாலை வாத்தியார் காந்தத்தைக் கையில் எடுத்திருக்கிறாரே! எங்கள் தொழிலில் இப்படி ஒருவர் இருந்தார் என்று எழுதும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது.

ரொஜர்ஸ் பெயரின் கடைசிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துருப்பிடிக்காத உருக்கு, இயந்திர உற்பத்தி, மலிவு இறக்குமதி எல்லாம் சேர்ந்து ஷெபீல்டை அடித்தன. 1971இல் தனது பரம போட்டிக் கொம்பனியான வொஸ்டன்ஹோமை ரொஜர்ஸ் வாங்கியது. கொஞ்சக் காலத்தில் ரொஜர்ஸே வேறு கைகளுக்குப் போனது. நட்சத்திரமும் சிலுவையும் இன்றும் இருக்கின்றன. அதை அடித்த பட்டறைதான் இல்லை. பழைய முறையில் தனியாக இருந்து மடக்குக் கத்தி செய்த ஸ்டான் ஷோ என்ற முதியவர் 2021இல் காலமானார். 14 வயதில் தொழிலுக்கு வந்தவர், எழுபது வருடங்களுக்கு மேல் அதே வேலை. அவரிடம் ஒரு கத்திக்குச் சொல்லிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஷெபீல்டில் இன்றும் சில சிறு பட்டறைகள் நல்ல கத்தி செய்கின்றன. ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து வாங்கும் காலம் போய்விட்டது.

பெயரைக் காக்காத ஊருக்கு என்ன நடக்கும்? இதற்குப் பிரான்ஸ் நாட்டு லாயோல் கிராமத்தை விடச் சிறந்த உதாரணம் இல்லை. எழுதுவது வேறு மாதிரி. அந்த ஊர்க்காரர்கள் உச்சரிப்பது லாயோல். ஒப்ராக் மேட்டு நிலத்தில் மாடு வளர்க்கும் ஊர். 1829 அளவில் கல்மெல்ஸ் என்ற குடும்பத்தவர் அங்கே மடக்குக் கத்தி செய்யத் தொடங்கினார்கள். மெலிந்த, இலேசாக வளைந்த உடம்பு. வில்லின் தலையில் தேனீ போன்ற ஓர் உருவம். மாட்டுக்கு வயிறு ஊதிப்போனால் குத்திக் காற்றை எடுக்கும் ஊசியும் சில கத்திகளில் உண்டு. பின்னாளில் போத்தல் தக்கை திருகும் கருவியையும் சேர்த்தார்கள். அது எமக்குத் தேவையில்லாத விசயம். கத்திக்கு நாடு முழுக்கப் பெயர் வந்தது. ஆனால் உற்பத்தி மெல்ல மெல்லத் தியெர் என்ற பெரிய கத்தி நகரத்துக்குப் போனது. கிராமத்தில் பட்டறைகள் அணைந்தன. 1980களில்தான் ஊர்க்காரர்கள் விழித்துக்கொண்டு, 1987இல் புதிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார்கள். கூரையில் 18 மீற்றர் உயரத்துக்கு ஓர் அலகு வானத்தைப் பார்த்து நிற்கும்.

அதற்குள் வேறொன்று நடந்தது. 1993இல் பாரிஸ் பக்கத்து வர்த்தகர் ஒருவர் அந்தக் கிராமத்தின் பெயரையே தனது வணிக அடையாளமாகப் பலவகைச் சாமான்களுக்குப் பதிவு செய்துகொண்டார். கத்தி மட்டுமா? துணி, அடுப்புச் சாமான் என்று போய்க்கொண்டே இருந்தது. ஆசிய நாடுகளில் செய்த சரக்குக்கு அந்தப் பெயர் ஏறியது. நீதிமன்றத்துக்குப் போனால், லாயோல் என்பது ஒரு வகைக் கத்திக்குப் பொதுப் பெயராகிவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. சொந்த ஊரின் பெயரைச் சொந்த ஊர்ச் சாமானில் போடுவதற்கு வழக்காட வேண்டிய நிலை! 2012இல் கோபத்தில் கிராமத்தவர்கள் ஊரின் பெயர்ப்பலகையையே கழற்றினார்கள். 2017இல் ஐரோப்பிய நீதிமன்றத்திலும், 2019இல் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் அவர்கள் பக்கம் தீர்ப்புகள் வந்தன. கால் நூற்றாண்டுப் போராட்டம். ஆனாலும் தியெர்காரர்கள் செய்யும் லாயோல் உண்மையான லாயோலா என்ற சண்டை வேறாக இருக்கிறது. எமது கருத்தில் தியெர்காரர்களைப் போலிக்காரர்கள் என்று ஒரேயடியாகச் சொல்வது அநியாயம். அந்தக் கத்தியை உயிரோடு வைத்திருந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

இதனால் கொள்வனவாளருக்கு விளங்க வேண்டியது, லாயோல் என்று அடித்திருப்பது மட்டும் ஒரு செய்தியும் சொல்லாது என்பதுதான். செய்தவரின் பெயர் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பட்டறைகளின் கத்தியில் அந்தத் தேனீயை வில்லோடு ஒரே உருக்கில் அடித்தெடுத்திருப்பார்கள். மலிவுச் சரக்கில் தனியாகச் செய்து ஒட்டியிருப்பார்கள்.

இதற்கு நேர்மாறான கதை அதே பிரான்ஸில், சவோய் மலைப் பகுதியில். 1890இல் 18 வயது ஜோசப் ஒப்பினெல், வாப்பாவின் பட்டறையில் இருந்து ஏழை விவசாயிக்கான கத்தி ஒன்றைச் செய்தார். மரப்பிடி, ஓர் அலகு, அலங்காரம் எதுவும் இல்லை. 1897இல் 1 முதல் 12 வரை இலக்கமிட்டு அளவுகள் வந்தன. 1909இல் கிரீடம் சூடிய கை அடையாளத்தைப் பதிவு செய்தார்கள். அந்தக் கை பக்கத்து நகரச் சின்னத்தில் இருந்து வந்தது. அது யோவான் ஸ்நானகருடைய கையாம், எமக்கு நபி யஹ்யா (அலை). 1955இல் அலகைத் திருகிப் பூட்டும் வளையம் சேர்ந்தது. இன்றும் அதே குடும்பத்தின் பெயர், அதே வடிவம். விலையும் சாதாரண ஆள் வாங்கக் கூடியது. குறை ஒன்று உண்டு. மழையில் நனைந்தால் மரப்பிடி ஊதி, அலகு இறுகிவிடும், காய்ந்தால்தான் திறக்கும்.

சுவிட்சர்லாந்துக் கத்தியைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறோம். சுவிஸ் இராணுவத்தின் முதல் மடக்குக் கத்திகள் சோலிங்கனில் செய்யப்பட்டவை! உள்நாட்டில் அவ்வளவு தொகையைச் செய்ய ஆள் இல்லை. இபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை திறந்த கார்ல் எல்செனர் அதைப் பொறுக்க முடியாமல் 1891இல் அந்த வேலையை எடுத்து, கிட்டத்தட்ட முறிந்தே போனார். 1897இல் அவர் செய்த இலேசான அதிகாரி கத்திதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. 1909இல் தாயார் விக்டோரியா இறந்தபோது அவருடைய பெயரைக் கொம்பனிக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' சேர்ந்து விக்டோரினொக்ஸ் ஆனது. உம்மாவின் பெயரை அலகில் அடித்துவிட்டு மட்டமான கத்தியை விற்க யாருக்கு மனம் வரும்? 2001 செப்டம்பருக்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் கத்தி விற்பது நின்று வியாபாரம் விழுந்தபோதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல், வேறு நிறுவனங்களுக்கு இரவலாக அனுப்பிச் சமாளித்தார்கள். எமது நகரக் கடைகளில் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் போட்ட மலிவுக் கத்திகள் தொங்குகின்றன. அவற்றின் பெரிய அலகை விரித்து அடியில் பாருங்கள். கொம்பனிப் பெயர் அங்கே அடித்திராவிட்டால் பிடியின் நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஜப்பானையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆசிரியர்கள் என்பதால். மிகி நகரத்து 'ஹிகோனொகாமி' ஒரு மடித்த தகட்டுப் பிடியும் ஓர் அலகும் கொண்ட மிக எளிய கத்தி. பென்சில் சீவ ஒவ்வொரு பிள்ளையின் பெட்டியிலும் இருந்தது. 1960இல் அசனுமா என்ற அரசியல் தலைவரை 17 வயது இளைஞன் மேடையிலேயே குத்திக் கொன்றான். கொலைக் கருவி ஒரு குறுவாள், ஹிகோனொகாமி அல்ல. ஆனால் பிள்ளைகளிடம் கத்தியே வேண்டாம் என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவி, பென்சில் கத்தியும் பெட்டியை விட்டுப் போனது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடி, அந்தப் பெயரை அடிக்கும் உரிமையோடு இன்று மிஞ்சியிருப்பது ஒரு குடும்பத்தின் பட்டறை. ஒருவன் செய்த கொலைக்கு ஒரு தொழிலே பதில் சொல்ல வேண்டி வந்த கதை எமக்கு விளங்காமல் இருக்குமா?

சரி, கேட்டவருக்குப் பதில். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று. சாதாரணக் கார்பன் உருக்கு இரண்டு நாளில் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் உள்ளவருக்குப் பயமில்லை. கார்பன் அலகு மாங்காய் வெட்டினால் கறுக்கும், அது பழுதல்ல. தீட்டுவதும் இலேசு. பழக்கமில்லாதவர் துருப்பிடிக்காத அலகை எடுப்பது நல்லது. தோட்டத்துக்கும் பழம் வெட்டவும் ஒப்பினெல் 7 அல்லது 8ஆம் இலக்கம் போதும். பல வேலைக்கு ஒன்று வேண்டுமென்றால் விக்டோரினொக்ஸ். காசு இருந்து, பழைய வகை வில்லுக் கத்தியில் ஆசையும் இருந்தால், செய்தவரின் பெயர் தெரிந்த ஷெபீல்ட் அல்லது லாயோல் கத்தி. கையில் எடுத்தால் திறந்து மூடிப் பாருங்கள். வில் இழுத்துப் பிடித்துச் 'சடக்' என்று நிற்க வேண்டும். அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது. முதுகை வெளிச்சத்துக்குப் பிடித்தால் வில்லுக்கும் பிடிக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. மூடியிருக்கும்போது அலகு நடுவில் கிடக்க வேண்டும். நகத்தால் பிடியின் ஓரத்தைத் தடவினால் எங்கும் தடுக்கக்கூடாது. விமானத்தில் கைப்பையில் போட வேண்டாம், பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். வந்த பிறகும் வேலை இல்லாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு திரிய வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில், மூத்தவாப்பாவின் பழைய பெட்டியில், தந்தப் பிடியோ மான்கொம்புப் பிடியோ வைத்த பழைய பேனாக்கத்தி இருக்கலாம். அலகின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். நட்சத்திரமும் சிலுவையும், 'நம்பர் 6 நோர்போக் ஸ்ட்ரீட்' என்ற முகவரியும் இருந்தால் அது ரொஜர்ஸ். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் அடித்திருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. அந்த வருடம் அமெரிக்கா போட்ட வரிச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டது. சாணைக்காரரிடம் கொடுத்தோ மண்கடதாசி போட்டோ அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். துருவைத் தேங்காய் எண்ணெயில் ஊற வைத்து, துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். எழுத்தை ஒரு படம் எடுத்து, அது யாருடைய கையில் இருந்தது, என்ன வேலைக்குப் பாவித்தார்கள் என்ற விபரத்தோடு எமக்கு அனுப்புங்கள். தரம் ஒன்பது பிள்ளைகளோடு சேர்ந்து ஊரில் உள்ளவற்றை ஒரு கொப்பியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை நான்கு வந்திருக்கின்றன, அதில் ஒன்றில் 'ரொஜர்ஸ்' என்ற பெயரே எழுத்துப் பிழையோடு இருக்கிறது.